ஹார்ட் அட்டாக் ஒருத்தருக்கு, பத்தியம் யாருக்கு?

எங்க அப்பாவுக்கு 49 வயசுல ஹார்ட் அட்டாக் வந்துச்சு, நல்ல வேளையா பொழச்சுக்கிட்டார். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னைலேர்ந்து அவருக்குன்னு தனிச் சமையல், உப்பு கம்மி, எண்ணெய் கம்மி, பொரிச்சது எதுவும் கிடையாது. பக்கத்துலயே நாங்க எல்லாரும் உக்காந்து எப்பவும் போல சாப்பிட்டோம். அவர் எங்க தட்டைப் பாப்பார், அம்மா "உங்களுக்கு வேண்டாங்க"ன்னு சொல்லி தள்ளி வெச்சிருவாங்க. அப்ப எங்க யாருக்கும் அது தப்பாவே படல, நோயாளி அவர்தானே, பத்தியமும் அவருக்குத்தானே. இருபது வருஷம் கழிச்சு எங்க அண்ணன் வேற எதுக்கோ ரத்தம் டெஸ்ட் எடுத்துட்டு வந்து ரிப்போர்ட்டை நீட்டினான், கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்ற எல்டிஎல் 238. அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது, அப்பாவுக்கு வந்த நோய் இத்தனை வருஷமா எங்க வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு, நாங்க ஒரே ஒரு தட்டை மட்டும் மாத்திட்டு மத்ததெல்லாத்தையும் அப்படியே விட்டுட்டோம்.

அதுக்கப்புறம் நிறைய படிச்சேன், டாக்டர்கள்ட்ட கேட்டேன். நான் டாக்டர் இல்ல. ஆனா ஒரு விஷயம் நல்லாப் புரிஞ்சுது, இதயத்தை ஆளாளுக்குத் தனித்தனியா காப்பாத்திக்க முடியாது, வீடா சேந்துதான் காப்பாத்தணும், ஏன்னா இந்த நோய் ஒரு குடும்பத்துக்குள்ள ரெண்டு வழியா வருது, ரத்தத்துல ஒண்ணு, ஒரே கூரைக்குக் கீழ இருக்கறதால ஒட்டிக்கிற பழக்கத்துல இன்னொண்ணு.

மொதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு பாத்துருவோம், இது புரிஞ்சாத்தான் மத்தது புரியும். ரத்தத்துல கொலஸ்ட்ராலைச் சுமந்துட்டுப் போற எல்டிஎல் துகள்கள் ரத்தக்குழாயோட உள்சுவருக்குள்ள நுழைஞ்சு மாட்டிக்குது, அதைச் சுத்தம் பண்ண வர்ற வெள்ளணுக்கள் கொழுப்பை முழுங்கி முழுங்கி உப்பிப்போய் அங்கயே தங்கிடுது, அதுக்கு மேல நார் மாதிரி ஒரு மூடி வளருது, நாம அடைப்புன்னு சொல்றது இதைத்தான். பெரும்பாலும் இது கொஞ்சம் கொஞ்சமா வளந்து குழாயை மூடி அட்டாக் வர்றது இல்லைங்க. அந்த மூடி ஒருநாள் கிழியுது, கிழிஞ்ச இடத்துல ரத்தம் உறைஞ்சு கட்டியாகி நிமிஷக்கணக்குல குழாயை அடைச்சிடுது. அதனாலதான் "போன வாரம்கூட நல்லாத்தானே இருந்தார்"ன்னு எல்லார் வீட்லயும் சொல்றாங்க. போன வாரமும் உள்ள அது இருந்துச்சு, இருபது வருஷம் முன்னாடியும் இருந்துச்சு, வெளிய தெரியல அவ்ளோதான்.

இருபது வருஷம்னு நான் சும்மா சொல்லல. 1953ல கொரியப் போர்ல இறந்துபோன 300 அமெரிக்க வீரர்களோட இதயத்தைப் பரிசோதனை பண்ணின டாக்டர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க, அந்தப் பசங்களோட சராசரி வயசு 22, அதுல 77 சதவீதம் பேருக்கு இதய ரத்தக்குழாய்ல லேசான தடிப்புலேர்ந்து பெரிய அடைப்பு வரைக்கும் ஏதோ ஒரு மாற்றம் இருந்துச்சு. அப்புறம் 1973ல அமெரிக்காவோட லூசியானாவுல போகலூசாங்கற ஊர்ல குழந்தைகளை வெச்சே ஒரு நீண்ட ஆராய்ச்சி ஆரம்பிச்சு, சின்ன வயசுலயே ரத்தக்குழாய்ல கொழுப்பு கோடு மாதிரி படிய ஆரம்பிச்சுடுதுன்னு காட்டினாங்க. அப்ப இதயத்தைப் பாத்துக்கறதுன்னா ஐம்பது வயசுக்காரர் வேலைன்னு நாம வெச்சிருக்கற கணக்கே தப்பு. அம்பதுல வர்ற அட்டாக்குக்கு விதை பள்ளிக்கூட வயசுல விழுது, அந்த வயசுல பிள்ளை என்ன சாப்பிடுது, எவ்ளோ ஓடுது, யாரோட சிகரெட் புகையைச் சுவாசிக்குதுன்னு முடிவு பண்றது பெரியவங்க நாமதான்.

இப்ப ரத்த வழி, அதாவது பரம்பரை. அது தெரிய வந்த கதையைக் கொஞ்சம் பின்னாடி போய் ஆரம்பிக்கணும். 1945 ஏப்ரல் 12ம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மூளைல ரத்தக்கசிவு வந்து இறந்துபோனார், அன்னைக்கு அவர் பிபி 300/190. அது வருஷக்கணக்கா ஏறிட்டே வந்த பிபி. ஆனா அந்தக் காலத்துல வயசானா பிபி ஏறத்தான் செய்யும், ஏறினாத்தான் உறுப்புகளுக்கு ரத்தம் போகும்னுகூட டாக்டர்கள் பலர் நம்பினாங்க. மூணு வருஷம் கழிச்சு 1948ல மாசசூசெட்ஸ்ல ஃப்ரேமிங்ஹாம்ங்கற ஊர்ல 5,209 பேரைச் சேத்து, இவங்கள்ல யாருக்கு இதய நோய் வருது யாருக்கு வரலன்னு வருஷக்கணக்கா பாக்க ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு நாம சாதாரணமா சொல்ற ரிஸ்க் ஃபேக்டர், அதாவது நோய் வர்ற வாய்ப்பை ஏத்தற காரணம்ங்கற வார்த்தையைப் பரப்பினதே 1961ல வந்த அவங்க கட்டுரைதான். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா 1971ல அதே ஆளுங்களோட பிள்ளைகளைச் சேத்தாங்க, 2002ல பேரப்பிள்ளைகளைச் சேத்தாங்க, ஆக ஒரு ஊரோட மூணு தலைமுறை இதயம் பதிவுல இருக்கு. அதுலேர்ந்து 2004ல வந்த முடிவு இது: அப்பாவுக்கு 55க்கு முன்னாடியோ அம்மாவுக்கு 65க்கு முன்னாடியோ இதய நோய் வந்திருந்தா, பிபி, கொலஸ்ட்ரால், சிகரெட்னு மத்த காரணத்தையெல்லாம் கழிச்சுப் பாத்தாலும் மகன்களுக்கு ரிஸ்க் 2 மடங்கு, மகள்களுக்கு 1.7 மடங்கு.

இந்த 55, 65ங்கற எண்ணை மனசுல வெச்சுக்கோங்க. தாத்தாவுக்கு 82 வயசுல அட்டாக் வந்துச்சுங்கறது வேற, சித்தப்பாவுக்கு 46ல வந்துச்சுங்கறது வேற. நம்ம குடும்பங்கள்ல யாருக்கு வந்துச்சுன்னு தெரியும், எந்த வயசுல வந்துச்சுன்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க, "திடீர்னு போய்ட்டார்"னு சொல்வாங்க ஆனா எதனால போனார்னு தெரியாது. உயிரோட இருக்கற பெரியவங்கள்ட்ட உக்காந்து கேட்டு, பேரு, என்ன நோய், எந்த வயசுலன்னு ஒரு பேப்பர்ல எழுதி வீட்ல எல்லாருக்கும் ஒரு காப்பி குடுத்துருங்க. எங்க வீட்ல இதை நாங்க எழுதினப்ப அப்பாவோட கூடப் பொறந்தவங்கள்ல ரெண்டு பேர் 50க்கு முன்னாடியே போயிருந்தாங்கன்னு தெரிஞ்சுது. அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான், ஆனா எழுதி வெச்சுப் பாக்கறவரைக்கும் யாரும் அதைச் சேத்துப் பாக்கல.

அண்ணன் ரிப்போர்ட்டைப் பாத்த டாக்டர் மொதல்ல அவனோட கணுக்காலுக்குப் பின்னாடி இருக்கற தடிச்ச தசைநாரை ரெண்டு விரலால பிடிச்சுப் பாத்தார், அது சாதாரணமா இருக்கறதைவிட தடிமனா இருந்துச்சு. அப்பாவுக்கும் அங்க அப்படித்தான் இருக்கும், செருப்பு உரசிக் காய்ச்சுப் போச்சுன்னே நாங்க நெனச்சிருந்தோம். அது கொலஸ்ட்ரால் படிஞ்சு வர்ற தடிப்பு. பரம்பரையா வர்ற அதிகக் கொலஸ்ட்ரால் நோய்னு ஒண்ணு இருக்கு, இங்கிலீஷ்ல சுருக்கமா எஃப்எச்னு சொல்றாங்க, ஏறக்குறைய 250 பேர்ல ஒருத்தருக்கு இருக்கு, அரிதான நோய்னு ஒதுக்கவே முடியாது. ரத்தத்துலேர்ந்து எல்டிஎல்லைப் பிடிச்சு உள்ள இழுக்கறதுக்கு ஈரல்ல கொக்கி மாதிரி ஒரு அமைப்பு இருக்கு, இந்த நோய் இருக்கறவங்களுக்கு அந்தக் கொக்கி பாதிதான் வேலை செய்யும், அதனால பொறந்ததுலேர்ந்தே எல்டிஎல் ரத்தத்துல தேங்கிக் கெடக்கும். அந்தக் கொக்கியைக் கண்டுபிடிச்ச மைக்கேல் ப்ரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் ரெண்டு பேருக்கும் 1985ல நோபல் பரிசு கெடச்சுது. வைத்தியம் பண்ணாம விட்டா ஆண்கள்ல பாதிப் பேருக்கு 50 வயசுக்குள்ள இதய நோய் வந்துடும்னு சொல்றாங்க. பெரியவங்களுக்கு எல்டிஎல் 190க்கு மேலயும் குழந்தைகளுக்கு 160க்கு மேலயும் இருந்தா இதைச் சந்தேகப்படணும். இதுல அம்மா அப்பா ஒருத்தருக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதனால ஒருத்தருக்குத் தெரிஞ்சா அப்பா அம்மா, கூடப்பொறந்தவங்க, பிள்ளைகள்னு எல்லாரும் ரத்தம் பாக்கணும், நோயை ஆளா இல்லாம குடும்பமா தேடறதுதான் இதுக்கு முறை. ஒல்லியா இருக்கான், எண்ணெயே தொடமாட்டான், அவனுக்கு ஏன்னு கேக்காதீங்க, எங்க அண்ணன் ஒல்லிதான்.

மருந்தும் இருக்கு. ஜப்பான்ல அகிரா எண்டோங்கறவர் 1970கள்ல பூஞ்சைலேர்ந்து கண்டுபிடிச்சதுதான் கொலஸ்ட்ராலைக் கொறைக்கற ஸ்டாடின் வகை மருந்துக்கு ஆரம்பம், 1987லேர்ந்து இந்த மருந்து புழக்கத்துல இருக்கு. மாத்திரை ஆரம்பிச்சா ஆயுசு முழுக்க சாப்பிடணுமேன்னு பயந்து தள்ளிப்போடறவங்களைப் பாக்கறப்ப எனக்கு மனசு கஷ்டமா இருக்கும், பிறவியிலேர்ந்து ஏறி நிக்கற எல்டிஎல்லை வெறும் நடையும் சாப்பாடும் மட்டும் எறக்கிடாது. எல்பி(ஏ)ன்னு எல்டிஎல் மாதிரியே கொலஸ்ட்ராலைச் சுமக்கற இன்னொரு துகள் இருக்கு, இதுவும் பெரும்பாலும் பரம்பரைதான், அஞ்சுல ஒருத்தருக்கு அதிகமா இருக்கும், சாப்பாட்டால பெருசா மாறாது, அதனால வாழ்நாள்ல ஒரு தடவை பாத்தா போதும்னு டாக்டர்கள் சொல்றாங்க. குடும்பத்துல சின்ன வயசு அட்டாக் இருந்தா இதையும் கேட்டுப் பாருங்க.

இதையெல்லாம் படிச்சுட்டு தலையெழுத்துன்னு உக்காந்துடக் கூடாது. 2016ல ஐம்பத்தஞ்சாயிரம் பேருக்கு மேல வெச்சு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, மரபணு ரிஸ்க் ரொம்ப அதிகமா இருக்கறவங்களையே பழக்கத்தை வெச்சுப் பிரிச்சுப் பாத்தாங்க. சிகரெட் இல்ல, உடல் பருமன் இல்ல, தொடர்ந்து உடற்பயிற்சி, நல்ல சாப்பாடு, இந்த நாலுல கொறஞ்சது மூணு இருந்தவங்களுக்கு, ஒண்ணு மட்டும் இருந்தவங்க இல்ல ஒண்ணுகூட இல்லாதவங்களோட ஒப்பிட்டா இதய நோய் 46 சதவீதம் கம்மி. பரம்பரை மோசமா இருக்கற வீட்டுக்குத்தான் பழக்கம் இன்னும் முக்கியம்னு நான் இதைப் புரிஞ்சுக்கறேன்.

பழக்கம்னு வந்தா அது ஒருத்தர் கைல இல்ல. ஃப்ரேமிங்ஹாம் ஆளுங்களோட பதிவுகளை வெச்சே 2008ல இன்னொரு கணக்குப் போட்டாங்க, கணவனோ மனைவியோ சிகரெட்டை விட்டா மத்தவர் சிகரெட் பிடிக்கற வாய்ப்பு 67 சதவீதம் கொறயுதாம், கூடப்பொறந்தவங்க விட்டா 25 சதவீதம். ஒருத்தர் பழக்கம் இன்னொருத்தருக்கு ஒட்டுதா இல்ல ஒரே மாதிரி ஆளுங்கதான் சேந்து வாழ்றாங்களான்னு இதைப் பத்தி வாதம் நடந்துட்டுத்தான் இருக்கு, ஆனா ஒரே வீட்ல ரெண்டு பேர் பிடிக்கறப்ப ஒருத்தர் மட்டும் விடறது எவ்ளோ கஷ்டம்னு பாத்தவங்களுக்குத் தெரியும். சிகரெட்டே தொடாதவங்களுக்கும் அடுத்தவங்க புகையால இதய நோய் ரிஸ்க் 25லேர்ந்து 30 சதவீதம் வரைக்கும் ஏறுது. பால்கனில போய் பிடிக்கறேன், ஜன்னலைத் தொறந்து வெச்சுப் பிடிக்கறேன்னு சொல்றது பாதிச் சமாதானம்தான். விட்டவங்களுக்கு நல்ல சேதி என்னன்னா ஒரு வருஷத்துலயே கூடுதல் ரிஸ்க் பாதியா எறங்கிடுது.

உப்புல நடந்த ஒரு ஆராய்ச்சிதான் எனக்கு இதுல எல்லாத்தையும்விட பிடிச்சது. வடக்கு சீனாவுல சாங்சி நகரத்துல 28 ஆரம்பப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு உப்பு அதிகமானா என்ன ஆகும், எப்படிக் கொறைக்கறதுன்னு வகுப்புல சொல்லிக்குடுத்தாங்க, பாதிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும், மீதி வழக்கம்போல. வீட்ல இருக்கற பெரியவங்களுக்கு அதைப் பிள்ளைங்கதான் போய் சொல்லணும், அவ்ளோதான். 2015ல முடிவு வந்தப்ப, சொல்லிக்குடுத்த பிள்ளைகளோட வீட்ல பெரியவங்க ஒரு நாளைக்குச் சாப்பிடற உப்பு மத்த வீடுகளோட ஒப்பிட்டா 2.9 கிராம் கம்மி ஆயிருந்துச்சு, பிபில மேல இருக்கற எண் 2.3 எறங்கியிருந்துச்சு. நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதாவது ஒரு டீஸ்பூன்கூட முழுசா இல்ல, அப்ப 2.9 கிராம் எவ்ளோ பெருசுன்னு பாருங்க, அதுவும் பத்து வயசுப் பிள்ளை சொல்லி. அப்பாவுக்கு மட்டும் உப்பில்லாம தனியா சமைச்ச எங்க வீட்டை இதோட வெச்சுப் பாக்கறேன். அவர் மூணு மாசம் தாங்கினார், அப்புறம் எங்க தட்டுலேர்ந்து எடுத்துச் சாப்பிட ஆரம்பிச்சுட்டார், அவரைக் கொற சொல்ல எனக்கு இப்ப மனசு வரல. எல்லாருக்கும் சேத்து கொஞ்சம் கொஞ்சமா கொறச்சிருந்தா சில வாரத்துல எல்லார் நாக்கும் பழகியிருக்கும், நாக்கு அப்படிப் பழகக்கூடியதுதான். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பும் பக்கவாதத்தைக் கொறைக்குதுன்னு பெரிய ஆராய்ச்சி வந்திருக்கு, ஆனா வீட்ல யாருக்காவது சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ சில வகை பிபி மாத்திரை சாப்பிட்டாலோ டாக்டரைக் கேக்காம அதை வாங்காதீங்க.

பிபியைப் பத்திக் கொஞ்சம் விரிவா சொல்லணும். உலகத்துல 30லேர்ந்து 79 வயசுக்குள்ள 128 கோடி பேருக்கு பிபி இருக்கு, அதுல ஏறக்குறைய பாதிப் பேருக்கு தனக்கு இருக்குன்னே தெரியாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2021ல சொல்லுச்சு. தலை சுத்தும், முகம் செவக்கும், அப்பத் தெரியும்னு நெனைக்காதீங்க, பெரும்பாலும் ஒண்ணுமே தெரியாது. கைல சுத்தற மெஷின் ஒண்ணு வீட்ல இருந்தா மாசத்துக்கு ஒரு நாள் பெரியவங்க எல்லாரும் வரிசையா உக்காந்து பாத்துரலாம். ஆனா பாக்கற விதத்துல நாம எல்லாரும் தப்புப் பண்றோம், மாடிப்படி ஏறி வந்த உடனே, பேசிட்டே, கால் மேல கால் போட்டுட்டு, கை தொங்கிட்டிருக்க, சட்டைக் கை மேலயே சுத்திப் பாத்தா வர்ற எண்ணுக்கு அர்த்தமே இல்ல. அரை மணி நேரம் முன்னாடிலேர்ந்து காபியும் சிகரெட்டும் வேண்டாம், ஒண்ணுக்குப் போய்ட்டு வந்துடுங்க, முதுகு சாஞ்சு, ரெண்டு காலும் தரைல படிஞ்சு, அஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்க, கையை மேஜை மேல இதயத்தோட மட்டத்துல வெச்சு, வாயை மூடிட்டு, ஒரு நிமிஷ இடைவெளி விட்டு ரெண்டு தடவை பாத்து எழுதி வெச்சுக்கோங்க. பட்டை உங்க கைக்குச் சின்னதா இருந்தா எண் அதிகமாக் காட்டும், அதையும் பாருங்க.

நடை, தூக்கம் பத்தி எல்லாரும் சொல்லிட்டாங்க, வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடக்கறது பெரியவங்களுக்கு, தினம் ஒரு மணி நேரம் ஓடியாடறது பிள்ளைகளுக்கு, ராத்திரி ஏழு மணி நேரத் தூக்கமாவது வேணும். சேந்து நடந்தா அந்தப் பழக்கம் பாதில நிக்காது, அது மட்டும் என் அனுபவம்.

வீட்ல அம்மாவைப் பத்தி யாரும் கேக்கறது இல்ல, இது எனக்குப் பெரிய ஆதங்கம். எங்க அம்மா அப்பாவோட மாத்திரை நேரத்தையெல்லாம் மனப்பாடமா வெச்சிருந்தாங்க, அவங்க பிபி என்னன்னு அவங்களுக்கே தெரியாது. பெண்களுக்கும் அட்டாக்கோட முக்கிய அறிகுறி நெஞ்சுல அழுத்தம்தான், ஆனா அதோடயோ அது இல்லாமயோ மூச்சு வாங்கறது, கொமட்டல், தாடை முதுகு வலி, காரணமே இல்லாத அசதின்னு வர்றது ஆண்களைவிட அவங்களுக்கு அதிகம், அதை அஜீரணம்னு நெனச்சு வேலையை முடிச்சுட்டுப் போலாம்னு இருந்துடறாங்க. இன்னொண்ணு, கர்ப்ப காலத்துல பிபி ஏறிப்போயிருந்தாலோ சுகர் வந்திருந்தாலோ பிரசவத்தோட அது முடிஞ்சு போறது இல்ல, பின்னாடி இதய நோய் வர்ற வாய்ப்பு அதிகம்னு அதுக்கு அர்த்தம். பிள்ளைக்கு இருபது வயசானாலும் டாக்டர்ட்ட அதைச் சொல்லணும்.

இதயம் நின்னு போறது ஆஸ்பத்திரிக்கு வெளிய நடக்கறப்ப பெரும்பாலும் வீட்லதான் நடக்குது, அப்ப பக்கத்துல இருக்கப் போறது நீங்கதான். கூப்பிட்டா அசையல, மூச்சு சரியா இல்லன்னா ஆம்புலன்சுக்குப் போன் போட்டுட்டு உடனே நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வெச்சு அழுத்த ஆரம்பிக்கணும், நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவை, அஞ்சு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, ஆள் வர்ற வரைக்கும் நிறுத்தாம. சும்மா நிக்கற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பொழைக்கற வாய்ப்பு ஏறக்குறைய பத்து சதவீதம் போய்டுது. இதை ஒரு மணி நேரத்துல கத்துக்குடுக்கறாங்க, பெரிய பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போங்க. நாங்க அஞ்சு பேரும் போனோம், அம்மா உட்பட.

அண்ணனுக்கு ரெண்டு பிள்ளைங்க, பெரியவளுக்குப் பன்னெண்டு, சின்னவனுக்கு ஒம்போது. போன வருஷம் ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தோம். எல்டிஎல் அவளுக்கு 94, அவனுக்கு 201. அவனுக்கு மருந்து ஆரம்பிச்சாச்சு, டாக்டர் அந்த வயசுலயே ஆரம்பிக்கறதுதான் நல்லதுன்னார். அவன் சாப்பிடறதைத்தான் இப்ப வீட்ல எல்லாரும் சாப்பிடறோம், தாத்தாவும்.